உறவுக்காரம்மா

கதவைத் தட்டுவதற்கு முன்பே கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவார் அந்தச் சுகாதாரச் செவிலியர். "அதைப் பார்த்தாலே ஆள் வீட்ல இல்லைன்னுடுவாங்க. எதுக்கு வம்பு?" என்பார். ஒருவருக்குப் பரம்பரை நோய் என்று மருத்துவமனையில் தெரியவந்தால், அவருடைய ரத்த உறவுகளைத் தேடிப் போய்ப் பரிசோதனைக்குச் சம்மதிக்க வைப்பது இவர் வேலை. அதனால் தெருவில் 'உறவுக்காரம்மா' என்றே பெயர் விழுந்துவிட்டது.

வாய் என்றால் அப்படியொரு வாய்! நேரே சமையலறைக்குள் போய் நின்றுகொண்டு, யாருக்கு யார் மாமன், எந்தச் சித்தி எங்கே குடியிருக்கிறாள் என்று கிளறிக்கொண்டே இருப்பார். ஆனால் ஒரு வீட்டுச் சங்கதியை அடுத்த வீட்டில் மூச்சுவிட மாட்டார். அவர் வேலையில் அது கட்டாயம்.

அன்று போனது ஒரு தச்சரின் பட்டறைக்கு. தச்சரின் அண்ணன் மாரடைப்பு வந்து படுத்திருக்கிறார். பிறவியிலேயே ரத்தத்தில் கொழுப்பு ஏறிக்கிடக்கும் குடும்பம். அப்பாவும் இளவயதில் அப்படித்தான் போனார். தம்பிக்கும் அது இருந்தால், இப்போதே மாத்திரை தொடங்கிக் காப்பாற்றிவிடலாம். தம்பியோ பாகப்பிரிவினையில் முறுக்கிக்கொண்டு, அண்ணன் முகத்திலேயே விழிப்பதில்லை.

"அவனுக்கும் எனக்கும் ஒண்ணுமில்லம்மா. எல்லாத்தையும் பிரிச்சாச்சு."

"வீட்டைப் பிரிச்சீங்க, சரி. உங்கப்பா குடுத்த ரத்தத்தை எப்படிங்க பிரிப்பீங்க? ஜீனுக்கெல்லாம் பத்திரம் எழுத முடியாது."

தச்சர் பலகையை இழைத்துக்கொண்டே இருந்தார்.

"தம்பிகிட்ட முதல்ல போங்கன்னு சொன்னதே உங்க அண்ணன்தான்."

இழைப்புளி நின்றது. அவர் பயந்துவிட்டார், முகத்திலேயே தெரிந்தது. "எம் பொண்ணு ரொம்பச் சின்னவம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடித்து நீட்டினார். ரத்தம் குப்பியில் ஏறி முடிந்ததும், எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டார்: "அவன் பொழைச்சுக்குவானா?"

உறவுக்காரம்மா காலையில்தான் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். சொல்லிவிட நாக்கு துறுதுறுத்திருக்கும், பாவம்.

"அதை நான் சொல்லக்கூடாதுங்க" என்றார். கைபேசியை எடுத்து அண்ணனின் எண்ணை அழுத்தினார். மணி அடிக்கத் தொடங்கியதும், மரத்தூள் படிந்த அந்தக் கையில் அதை வைத்துவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினார்.