படியடியில் இரண்டு சோடி செருப்பு

வடக்கில் சண்டை நடந்தால் கண்டியில் தமிழர் எங்களுக்கு வெளியே தலைகாட்டப் பயம். ஆமிக்காரர் செத்த செய்தி ரேடியோவில் வந்துவிட்டால், பொட்டை அழித்துவிட்டுத்தான் தெல்தோட்டை பஸ்ஸில் ஏறுவேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, டவுனில் ஒரு புடவைக் கடையில் துணி விரித்துக் காட்டிக்கொண்டு நின்றவள் நான். எனக்கும் அந்த யுத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க ஒருவரும் இல்லை.

கடை யாழ்ப்பாணத்துக்காரருடையது. முதலாளியும் மனைவியும் மேல்மாடியில் குடியிருந்தார்கள். கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் எங்களை மனிதரில் சேர்த்தவர்களும் அல்ல. நான் அவர்களுக்குத் 'தோட்டக்காட்டுப் பெட்டை'. மூட்டை இறக்கும் சிங்கள நாட்டாமி வெறும் 'மாடு'. வத்தேகமப் பக்கத்து மனிதர் அவர். பகல் சோற்றை நானும் அவரும் பின்கதவுப் படியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். தன் கருவாட்டில் பாதியை என் பக்கம் தள்ளிவிடுவார். மூட்டை விழுந்து கால் வீங்கிய மறுநாளே அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

அது நடந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. ஒரு பகல், மார்க்கெட் பக்கம் தமிழர் கடைகளிலிருந்து புகை எழும்பியது. ஷட்டரை இழுப்பதற்குள் கூட்டம் தெருமுனைக்கு வந்துவிட்டது. முதலாளியும் முதலாளியம்மாவும் மாடிக்கு ஓடினார்கள். மேலே கதவுத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. நான் ஒருத்தி கீழே நிற்பது அவர்களுக்கு ஞாபகம் வரவில்லை.

வாசல் கண்ணாடி உடைந்தபோதுதான் மாடிப்படியைப் பார்த்தேன். மேலே சாமியறை இருப்பதால் செருப்பைக் கீழே கழற்றிவிட்டுத்தான் ஏறுவார்கள். உயிருக்குப் பயந்து ஓடும்போதும் கழற்றிவிட்டே ஓடியிருக்கிறார்கள்! இரண்டு சோடியும் படியடியில் கிடந்தன. மேலே ஆள் இருப்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கிடந்தால் கிடக்கட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். சொல்லக் கூசுகிறது, ஆனாலும் நினைத்தேன். பிறகு முதலாளியின் செருப்பைத் துணிக் குவியலுக்குள் உதைத்துத் தள்ளினேன். முதலாளியம்மாவுடையதை என் காலில் மாட்டிக்கொண்டேன்.

முதலில் உள்ளே வந்தவர் நாட்டாமி. கையில் இரும்புக் கம்பி.

"முதலாளி எங்கே நங்கி?" என்று, வழக்கம்போல் தங்கச்சி முறை வைத்தே, சிங்களத்தில் கேட்டார்.

"காலையிலேயே போய்விட்டார்," என்று நானும் சிங்களத்தில் சொன்னேன்.

அவர் என் காலைப் பார்த்தார். வேலைக்காரருக்குக் கடைக்குள் செருப்பு கூடாது என்பது அவருக்குத் தெரியாததா? அவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "மேலே யாரும் இல்லை, துணியை எடுங்கள்," என்றார். தானும் ஒரு துணிக்கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நொண்டியபடியே வெளியேறினார்.

எல்லாம் அடங்கிய பிறகு முதலாளியம்மா வெறுங்காலோடு இறங்கி வந்தார். வெறுமையாய்க் கிடந்த அலுமாரிகளைப் பார்த்தார். கடைசியாக என் காலைப் பார்த்தார்.

"என்ர செருப்பை நீ ஏன் போட்டனீ? கழட்டு."

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நடந்ததைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். கிடந்தால் கிடக்கட்டும் என்ற அந்த ஒரு நிமிஷ நினைப்பு என்னைச் சொல்லவிடவில்லை.

"கழட்ட மாட்டேங்க," என்றேன்.

நொறுங்கிக் கிடந்த கண்ணாடியை அந்தச் செருப்பாலேயே மிதித்துக்கொண்டு தெருவில் இறங்கினேன்.