மெஷின் குடித்த நல்ல தண்ணீர்

மாதம் ஒருமுறை பவுடர் போட்டு வெறும் மெஷினை ஓட்டவேண்டும், கதவு ரப்பரை ஒவ்வொரு தடவையும் துடைக்கவேண்டும், பஞ்சு சேரும் வலையைக் கழற்றிக் கழுவவேண்டும் என்று போன வாரம் வந்த மெக்கானிக் தம்பி என்னைத் திட்டிவிட்டுப் போனார். "இன்னாக்கா, மெஷினை இப்படிப் போட்டு வெச்சுகினு கீறீங்க" என்றார். நான் வெளியாட்களிடம் அதிகம் பேசமாட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பவுடர் வேண்டுமானால் போடுகிறேன். மற்றதெல்லாம் என்னால் ஆகாது. என் துணியைத் துவைக்கத்தான் அதை வாங்கினேன். அதற்கு நான் பணிவிடை செய்யமுடியாது. இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும்.

அப்போது நாங்கள் கிழக்குத் தாம்பரத்தைத் தாண்டிச் சேலையூர்ப் பக்கம் குடியிருந்தோம். நான் ஐந்தாம் வகுப்பு. எங்கள் தெருவிலேயே முதல் வாஷிங் மெஷின் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. மீன்பாடி வண்டியில் அது வந்தபோது பிள்ளைகள் எல்லாம் பின்னாலேயே ஓடிவந்தார்கள். ஒரு பக்கம் துவைக்கிற தொட்டி, இன்னொரு பக்கம் பிழிகிற தொட்டி. இறக்கி வைத்த ஆள் போகும்போது ஒரு வார்த்தை சொன்னார். "உப்புத் தண்ணி மட்டும் ஊத்தாத சார். அரிச்சிடும்."

அந்த வார்த்தையை அப்பா வேதவாக்காக எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டு போர் தண்ணீர் அப்படி ஒரு உப்பு. குழாய் வாயில் காலிஃபிளவர் பூத்தது போல் வெள்ளையாகக் கட்டி நிற்கும். தலைக்கு ஊற்றினால் முடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிடும். தெருமுனை அடிபம்பில்தான் நல்ல தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் அதை எடுப்போம். இனி மெஷினுக்கும் அதுதான் என்று அப்பா சொல்லிவிட்டார். ஆக, நாங்கள் உப்புத் தண்ணீரில் குளித்தோம், மெஷின் நல்ல தண்ணீர் குடித்தது. அம்மா குடம் குடமாகச் சுமந்துவந்து அதற்கு ஊற்றினாள்.

அலசுவதற்கு நிறையத் தண்ணீர் பிடிக்கும். அதனால் அலசுவது மட்டும் பழையபடி தோய்க்கிற கல்லில், உப்புத் தண்ணீரில், கையால். பிழிய மறுபடி மெஷின். அதன்பிறகு தொட்டியைத் துடைத்து, வலையில் சேர்ந்த பஞ்சை எடுத்து, மூடியைத் திறந்து காயவைத்து, பின்கட்டிலிருந்து கூடத்துக்கு உருட்டிக்கொண்டு வந்து, ஜன்னல் திரையை வெட்டித் தைத்த உறையைப் போட்டு மூடவேண்டும். யாராவது வீட்டுக்கு வந்தால் அப்பா உறையை எடுத்துவிட்டுக் காட்டுவார். "உள்ள பாருங்க, ஒரு பொட்டு உப்பு இருக்கா?" வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, அம்மாவைப் பார்த்து, "கொடுத்து வெச்சவங்க நீங்க" என்பார்கள். அம்மா காபி போட உள்ளே போய்விடுவாள்.

உப்புத் தண்ணீரையே ஊற்றிப் பார்க்கலாமே என்று அம்மா ஒருமுறை கேட்டாள். பெற்ற பிள்ளையைக் கிணற்றில் தள்ளலாமா என்று கேட்டதுபோல அப்பா அவளைப் பார்த்தார்.

ஆயுத பூஜை வந்தது. கூடுவாஞ்சேரியிலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, முதல் நாளே வந்துவிட்டார். அன்று மெஷினைத் திறந்து பார்த்த அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. பிழிகிற தொட்டியின் விளிம்பில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. உப்புத் தண்ணீரில் அலசிய துணியைத்தானே அதில் போடுகிறோம், பூக்காமல் என்ன செய்யும்? ஆனால் அதை யாரும் சொல்லவில்லை. அம்மா எலுமிச்சம்பழத்தை அரிந்து, பழைய பல்துலக்கும் பிரஷோடு மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நானும் ஒரு எலுமிச்சை மூடியை வாங்கித் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க உப்பு கரைந்து தொட்டி பளபளத்தது எனக்கு மாயம் போல இருந்தது.

மறுநாள் அப்பாவின் ஸ்கூட்டர், அரிவாள்மனை, சுத்தியல், என் பாடப் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. நடுவில் மெஷின், சாமந்தி மாலையோடு. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை எடுக்கும்வரை தொடக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். படிக்கவேண்டாம் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த சட்டம்.

கற்பூரம் காட்டி முடித்ததும் அத்தை, "மெஷினு வந்தப்புறம் உனக்குக் கை சும்மாதானே இருக்கு, வடைக்கு அரைச்சுடேன்" என்றார்.

அம்மா உள்ளே போனாள். இரண்டு பிளாஸ்டிக் குடங்களையும் எடுத்துவந்து மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிரஷையும் வைத்தாள். பிறகு குடங்களுக்குப் பக்கத்தில் தானும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டாள்.

"இதுக்கும் பொட்டு வைங்க."

அப்பா சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். "என்ன விளையாட்டு இது? எழுந்திரு."

"பூஜையில வெச்சதை நாளைக்குக் காலைல வரைக்கும் தொடக்கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"நல்லா இருக்குதுடியம்மா. மெஷினும் மனுஷியும் ஒண்ணா?" என்றார் அத்தை.

"ஒண்ணு இல்ல அண்ணி. அதுக்கு நல்ல தண்ணி. எனக்கு உப்புத் தண்ணி."

அம்மா என்னைப் பார்த்து, "நீ வைடி" என்றாள். "வைக்காதே" என்றார் அப்பா. அதுவரை அப்பா வேண்டாம் என்ற எதையும் நான் செய்ததில்லை. வகுப்பில் வருகைப் பதிவுக்குக்கூட எழுந்து நின்று வாய் திறக்கப் பயப்படுகிறவள் நான். ஆனால் அது நல்ல விளையாட்டாகத் தோன்றியது. அப்பாவின் கையில் இருந்த கிண்ணத்திலேயே விரலை விட்டு, அம்மாவின் உள்ளங்கைகளில் சந்தனம் தடவி, குங்குமம் வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அத்தை காபி கேட்டார். வீட்டில் நல்ல தண்ணீர் இல்லை. குடங்கள் பூஜையில் இருந்தன. அப்பா குளிக்கிற பக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அடிபம்பு எங்கள் வாசலிலிருந்தே தெரியும். அப்பா பெண்களுக்கு நடுவே வரிசையில் நின்றார். "இன்னா சார், இன்னிக்கு நீங்களா? தண்ணி வூட்டுக்கா, மெஷினுக்கா?" என்று யாரோ கேட்க, சிரிப்புச் சத்தம் எங்கள் கூடம்வரை வந்தது. அம்மா சிரிக்கவில்லை. அசையவும் இல்லை.

அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தனம் காய்ந்து வெடிப்புகளுக்குள் கோடு கோடாக இறங்கியிருந்தது. விரல் இடுக்குகளில் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்திருந்தது. "அம்மா, உன் கையிலயும் உப்பு பூத்திருக்கு" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய், நேற்றைய எலுமிச்சை மூடியை எடுத்துவந்து தேய்க்க ஆரம்பித்தேன். அம்மாவின் தோள் ஒருமுறை தூக்கிப்போட்டது. கையை அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

அப்பா பக்கெட்டோடு உள்ளே வந்தார். பார்த்ததும், "ஏய், விடு, எரியும்" என்றார்.

"விடாதே, நல்லா தேய்" என்றாள் அம்மா, அப்பாவைப் பார்த்துக்கொண்டே. "மெஷினுக்கு மட்டும்தானா?"

அப்பா பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றார். அன்று வடை இல்லை. அத்தை பொரியைத் தின்றுவிட்டுச் சாயங்கால ரயிலுக்குக் கிளம்பினார்.

மறுநாள் காலை அம்மா தானாக எழுந்து கையைக் கழுவினாள். மெஷினைப் பின்கட்டுக்கு உருட்டிப்போய், ஒரு ரப்பர் குழாயை எடுத்து உப்புத் தண்ணீர்க் குழாயில் மாட்டித் தொட்டிக்குள் விட்டாள். "கெட்டா கெடட்டும்" என்றாள், யாரையும் பார்க்காமல். அப்பா பேப்பரைக் கீழே இறக்கவில்லை. அதன்பிறகு மெஷின் கூடத்துக்கு வரவே இல்லை. உடம்பெல்லாம் உப்பு பூத்து, ஜல்லி அரைப்பது போலச் சத்தம் போட்டுக்கொண்டு, நான் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை அது துவைத்தது. உறை கால் துடைக்கப் போயிற்று.

இதெல்லாம் எனக்கு அப்போது பெரிதாகப் படவில்லை. அவ்வளவு தேய்த்தும் அம்மாவின் கை ஏன் மெஷின் மாதிரி பளபளக்கவில்லை என்பதுதான் என் கவலை. யோசித்து யோசித்துக் காரணத்தையும் நானே கண்டுபிடித்துக்கொண்டேன். அது முதல்நாள் தேய்த்த பழம். சாறெல்லாம் மெஷினுக்கே போயிருக்கும்.