சின்னது போகும், பெரியது போகாது

இணைய லைன் பார்க்கிறவர்களே, உங்களுக்குத் தெரியும்: முழுசாகச் செத்த லைனால் தொல்லையில்லை, பாதி உயிரோடு கிடக்கிற லைன்தான் மானத்தை வாங்கும். தகவல் துண்டு துண்டாகப் போகிறது. துண்டின் அளவை வழிநெடுக ஒரே எண்ணாக வைக்காவிட்டால் சின்னது போய்ச் சேரும், பெரியது காணாமல் போகும். எனக்கு இது தாமதமாகத்தான் உறைத்தது.

சூரியநெல்லியில் கடைசி நாள்

தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்க்கும் செல்வராணியக்கா, மகளுக்கு நர்சிங் படிப்புக்கான விண்ணப்பத்தைக் கடைசி நாளில் போட உட்கார்ந்திருந்தார். வாட்ஸ்அப்பில் எழுத்து போகிறது; சான்றிதழ் மட்டும் ஏறவில்லை. லைனுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க நான் பிங் அடித்தேன், பதில் டக்கென்று வந்தது. பிங் சின்னத் துண்டு என்பதை யோசிக்கவே இல்லை. "லைன் பக்கா. லேப்டாப்தான் கோளாறு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். தாயும் மகளும் ஜீப் பிடித்து மூணாறு போய்க் கடை மூடுகிற நேரத்தில் விண்ணப்பத்தைப் போட்டார்கள்.

மறுவாரம் பக்கத்து வீட்டிலும் அதே புகார். ரவுட்டரைத் திறந்து பார்த்தேன். லைன் தாங்கும் துண்டின் அளவு 1492 பைட். நான் வைத்திருந்தது 1500. மன்னிப்புக் கேட்கப் போனபோது அக்கா டீ கொடுத்தார்.

"'நீதான் லேப்டாப்பக் கெடுத்தே'ன்னு மூணாறு வரைக்கும் மகளத் திட்டிக்கிட்டே போனேன் தம்பி. அவகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

மாட்டுப்பட்டிப் பக்கம் ஒரு டிஸ்பென்சரி

எஸ்டேட் டிஸ்பென்சரியிலிருந்து டவுன் ஆஸ்பத்திரிக்கு ஈசிஜி படம் அனுப்பும் லைன் அது. வேகம் கூட்டிக் காட்டும் ஆசையில் இரண்டு முனையிலும் துண்டின் அளவை 9000 என்று வைத்தேன். நடுவில், மலை உச்சியிலிருந்து தகவலை வாங்கி அனுப்பும் ரேடியோ 1500-லேயே நின்றது. அதை மறந்துவிட்டேன்.

இரண்டாம் நாள் நெஞ்சுவலியோடு ஒரு தொழிலாளி வந்தார். ஈசிஜி படம் பாதியில் நின்றுவிட்டது. டாக்டர் போனிலேயே, உடனே கொண்டுவாருங்கள் என்றார். ஜீப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், பிழைத்துக்கொண்டார். அன்றே நான் போனபோது நர்ஸ் சத்தம்கூடப் போடவில்லை.

"நீங்க வந்துட்டுப் போனதுக்கப்புறம்தான் படம் போகலைன்னு நேத்தே போன்ல சொன்னேன். நீங்கதான் மழைன்னீங்க."

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு ஆறுதல்

மனசு ஆறாமல், பாலக்காட்டுப் பக்கம் இதே வேலை பார்க்கும் சண்முகத்துக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அவரும் தன் கதையை எடுத்தார்.

"எனக்கும் இதேதானுங்க ஆச்சு. நான் ஆபீசுக்கு, லைன்ல இடி விழுந்துருச்சுன்னு எழுதிக் குடுத்துட்டேனுங்க."

எங்கள் தொழிலில் மழைமேலும் இடிமேலும் போட்ட பழிகளையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டால், இந்த மலையில் வானிலை இவ்வளவு மோசமில்லை என்று தெரியவரும்.