ஹம்பேர்க்கில் ஒரு சரிந்த பெயர்ப்பலகை

சனிக்கிழமை எழும்பியதும் முதல் வேலையாக அளவு நாடாவைத் தேடிக் கைப்பைக்குள் வைத்தேன். அப்பா இறந்தபின் ஹம்பேர்க்கில் அவருடைய கடையை வாங்கிய சுதன், திங்கட்கிழமை புதுப் பெயர்ப்பலகை வருகிறது, நான் எடுக்காவிட்டால் பழையது குப்பைக்குத்தான் என்று சொல்லியிருந்தார்.

நான் இருக்கும் ஆஹெனில் ஆறே முக்காலுக்கு ரயில். கொலோனில் மாற வேண்டும். ஐந்து மணித்தியாலம் என்று போட்டிருக்கும், ஆறு என்று நினைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே வாங்கியதால் போக 38 யூரோ.

நிலையத்திலிருந்து எட்டு நிமிட நடை. தெருமுனையிலேயே தெரிந்தது, ‘பூவரசு பலசரக்குக் கடை’. தடித்த, ஒடுங்கிய, வலப்பக்கம் சாய்ந்த சிவப்பு எழுத்துகள். துறைமுகத்தில் வேலை செய்த நாட்களில் லொறிகளில் இருந்த ஜெர்மன் எழுத்தில் அப்பாவுக்கு ஒரு மயக்கம். தமிழும் அப்படி நிற்கட்டும் என்று ஒட்டுத்தாளைச் சமையல் கத்தியால் வெட்டினார். ஓரமெல்லாம் கரடுமுரடு. தாளின் மறுமுனையைப் பிடித்திருந்த எனக்கு அப்போது பத்து வயது. அந்தப் பசை மணம் இன்னும் நினைவிருக்கிறது.

புதிதாக வந்து தெருப்பெயர் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு, “சரிஞ்ச கடையடியில நில்லுங்கோ, வாறன்” என்றுதான் தொலைபேசியில் சொல்வார்கள்.

உள்ளே முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த வயதான அண்ணை ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். “உன்ர கொப்பர் எழுத்தெல்லாத்தையும் பஸ்ஸுக்கு ஓட விட்டிட்டார், பிள்ளை. முப்பது வருசமாச்சு, இன்னும் ஒண்டும் ஏறேல்லை.”

பலகையை அளந்தேன். இரண்டு மீற்றர் நாற்பது. ரயிலிலும் ஏறாது, என் வீட்டுச் சுவரிலும் அடங்காது. சுதன் தேநீர் தந்து, புதுப் பலகையின் படத்தைக் காட்டினார். வங்கி விளம்பரம் போல நேரான, சுத்தமான எழுத்து. ஏன் இதே மாதிரி செய்யவில்லை என்று கேட்டேன்.

“தேடினனான் அக்கா. இங்கிலீசில இப்பிடி எழுத்துரு எத்தினையோ கிடக்கு. தமிழில இந்தச் சரிவும் தடிப்பும் சேர்ந்து ஒண்டும் அம்பிடேல்லை. கிடைச்சிருந்தா நான் ஏன் மாத்துறன்?”

அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பதுதான் என் வேலை. அந்த வகை ஜெர்மன் எழுத்துகளை எத்தனையோ விளம்பரங்களுக்குப் போட்டிருக்கிறேன். தமிழுக்கு இருக்கிறதா என்று ஒருநாளும் தேடியதில்லை.

சுதனிடம் ஏணி வாங்கி ஏறி, ஒவ்வோர் எழுத்தின் மேலும் வெள்ளைத்தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்தேன். புதுப் பலகையைக் கோடை முடியும்வரை தள்ளிப்போட ஏலுமா என்று கேட்டேன். காரணம் சொல்லவில்லை. சுதன், “ஓம், உங்களுக்காகப் பொறுக்கிறன்” என்றார்.

போகிறவர்களுக்கு: சனிக்கிழமை ரயிலில் இருக்கை பதிவு செய்யாமல் ஏறாதீர்கள். மரக்கறி வேண்டுமென்றால் மத்தியானத்துக்கு முன்பே கடைக்குப் போய்விடுங்கள். நான் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றதில் முருங்கைக்காய் முடிந்துவிட்டது.

திரும்பும் ரயிலில் தாள்களை விரித்தேன். இரண்டு தரம் வருவதை ஒன்றாக எண்ணினால், அப்பா வெட்டியது பதினொரு எழுத்துதான். மிச்சத் தமிழ் முழுவதையும் அதே சரிவில் நான் வரைந்து எழுத்துரு ஆக்கப்போகிறேன், கோடை முடிவதற்குள். வீட்டிலோ சுதனிடமோ இன்னும் சொல்லவில்லை. பலகையில் ‘ழ’ இல்லை. அதன் வாலை அவர் எப்படிச் சாய்த்திருப்பாரோ தெரியாது. அதிலிருந்துதான் தொடங்குவேன்.