பேய் வேஷக்காரனுக்குப் பெண் கொடுப்பார்களா?

மேடையில் பேயாக வருகிறவனைக் கண்டு ஜனங்கள் பயப்படாவிட்டால் வேஷம் போச்சு. பயந்துவிட்டால் கல்யாணம் போச்சு. வேஷம் கட்டி அவதிப்பட்ட சகோதரர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். ஐம்பதுகளின் கடைசியில் நான் திருச்சியில் பகலெல்லாம் குமாஸ்தா, மாலையானால் ஒரு அமெச்சூர் நாடகக் குழுவில் பேய். மாதம் ஒரு திகில் நாடகம் போடுவோம். கதை மாறும், பேயும் மாறும். ஆனால் எல்லாப் பேயும் நான்தான். உடம்புவாகு அப்படி. வீட்டில் எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த சமயம் அது.

காலைப் பார்த்த அம்மா

பேய்க்குக் கால் தரையில் பாவாது என்பது ஊரறிந்த விஷயம். அதனால் சக்கரம் வைத்த பலகையில் என்னை நிறுத்தி, அங்கியைத் தரை வரைக்கும் தொங்கவிட்டு, திரைக்குப் பின்னாலிருந்து கயிற்றால் இழுப்பார்கள். மிதந்து வருவதுபோலவே இருக்கும்.

துறையூரிலிருந்து மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள். பெண்ணின் அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. காப்பி ஆறிக்கொண்டிருக்க, என் வேட்டிக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த வாசப்படி வரைக்கும் கொஞ்சம் நடந்து காட்டுறீங்களா?"

சூசை சார் செய்த சலுகை

நடந்து காட்டியும் அந்த இடம் தட்டிப்போயிற்று. அடுத்து வந்தது ஸ்ரீரங்கத்துச் சம்பந்தம். பெண்ணின் அப்பா பாத்திரக் கடைக்காரர். பொண்ணோடு வந்து நாடகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் என்று சொல்லிவிட்டார். போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்கு அவளைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்றிருந்தது. சோறு இறங்கவில்லை.

எங்கள் நாடகங்களை எழுதுகிற சூசை சாரிடம் ஓடினேன். கணக்கு வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிறவர், பரம சாது. எழுதுவதெல்லாம் ரத்தக் காட்டேரி. இந்த ஒரு மாதம் டாக்டர் வேஷமாவது போலீஸ் வேஷமாவது கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "அந்த அங்கி வேற யாருக்கும் சேராதுங்க. வேணும்னா பேயை நல்லவனா மாத்தித் தர்றேன்."

கரண்ட் போனது

மாற்றித்தான் கொடுத்தார். குடியிருந்த புளியமரத்தை வெட்டிவிட்டதால், ஒரு பேய் வாடகைக்கு வீடு தேடி அலைகிறது. வீட்டுக்காரர் கேட்கிற கேள்விகளுக்கு நடுங்குகிறது. கொட்டகை முழுக்கச் சிரிப்பு. அப்பாவும் பெண்ணும் இரண்டாவது வரிசையில். அவள் சிரிக்கிறாளா என்று பார்த்துப் பார்த்தே எனக்கு வசனம் மறந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று.

கரண்ட் போனால் மேடையில் இருப்பவன் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எங்கள் குழுவின் வழக்கம். பேச்சு நின்றால் ஜனம் எழுந்து போய்விடும். "யாரும் பயப்படாதீங்க! நான் இங்கதான் இருக்கேன்!" என்று கத்தினேன். அதுவரை சிரித்தவர்கள் அலறினார்கள். அவள் போய்விடுவாளே என்ற பதைப்பில் இன்னும் உரக்கக் கத்தினேன். கயிற்றுக்காரர் இருட்டில் எதையோ இழுக்க, பலகை ஓட, கையில் அகப்பட்டதைக் கட்டிக்கொண்டு நானும் அலறினேன். பெட்ரோமாக்ஸ் வந்தபோது, வீட்டுக்காரராக நடித்தவரின் கழுத்து என் பிடியில் இருந்தது. அவர் திணறித் திணறிச் சொன்னார்: "பேயைக் கண்டு மனுஷன் அலறுவான். நீ என்னய்யா என்னைப் புடிச்சுக்கிட்டு அலறுறே? கழுத்தை விடு!"

பாத்திரக் கடைக்காரரின் பதில்

நாடகம் முடிந்ததும் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, தேங்காய் எண்ணெய் தொட்டு முகத்து வெள்ளையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பாத்திரக் கடைக்காரர் உள்ளே வந்தார். முகத்தில் சிரிப்பே இல்லை. இதுவும் போச்சு என்று தலையைக் குனிந்துகொண்டேன். அழுகை வந்துவிடும்போல் இருந்தது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "கரண்ட் போனப்ப கொட்டகையிலேயே ரொம்பப் பயந்தது நீங்கதான்னு எம் பொண்ணு சொல்லுதுங்க. 'இவரே போதும்ப்பா, என்னை மிரட்ட மாட்டாரு'ங்குது. வீட்ல நாள் பாக்கச் சொல்லுங்க."

ஆக, நான் ஊரை நடுங்க வைத்தபோதெல்லாம் தட்டிப்போன கல்யாணம், நானே நடுங்கியதால் நடந்தது.