பந்து குதித்த பாட்டும் ஒரு பொட்டுவெடித் துப்பாக்கியும்

டக்ளஸின் கோட்டுப் பையில் துப்பாக்கி இருந்தது. பொம்மைத் துப்பாக்கிதான். ஆனாலும் மனைவி பேர்பெச்சுவா பக்கத்தில் வரும்போதெல்லாம் அவன் கை தானாகவே போய்ப் பையை மூடிக்கொண்டது.

2003ஆம் ஆண்டு, கார்னிவல் செவ்வாய். ஜெர்மனியின் கொலோன் நகரில் அவர்கள் குடியிருந்த பகுதியின் ஊர்வலம் அன்றுதான். தெருவின் இரு பக்கமும் கோமாளிகள், கடற்கொள்ளையர், செவ்விந்தியர். ஆறு வயது லவினியா கௌபாய் வேடத்தில் நின்றாள். தொப்பி இருந்தது, கழுத்தில் சிவப்புத் துணி இருந்தது, இடுப்பில் துப்பாக்கி உறையும் இருந்தது. உறை மட்டும் வெறுமையாக இருந்தது.

அந்த வேடத்துக்குக் காரணம் டக்ளஸ்தான். மன்னாரில் அவன் சிறுவனாயிருந்தபோது, பங்குத் தந்தை கோயில் மண்டபத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் பழைய கார்ட்டூன்கள் காட்டுவார். கௌபாய் குதிரையில் வந்து பாடுவான். பாட்டின் வரிகள் திரையின் அடியில் ஓடும். ஒரு வெள்ளைப் பந்து சொல்லுக்குச் சொல் குதிக்கும். இங்கிலீஷ் தெரியாத பிள்ளைகள் பந்தைப் பார்த்தபடியே தொண்டை கிழியப் பாடுவார்கள். ஜெர்மனிக்கு அகதியாக வந்து, ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், இயந்திரச் சத்தத்துக்குள் டக்ளஸ் முணுமுணுத்தது அந்தப் பாட்டைத்தான். பழைய சாமான் சந்தையில் ஒருநாள் அதே கார்ட்டூன் உள்ள வீடியோ கசெற் கிடைத்தபோது, ட்ராமில் வீடு வரும்வரை அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். மகளும் அதில் ஒட்டிக்கொண்டாள்.

பேர்பெச்சுவா அதை ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. துப்பாக்கியைப் பற்றி அவள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று.

"துவக்கு எண்ட சாமான் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது. விளையாட்டுக்கும் வரக்கூடாது."

அவளுடைய தமையன் அன்ரன் யாழ்ப்பாணத்தில் சுடப்பட்டு இறந்தவர் என்பது டக்ளஸுக்குத் தெரியும். அதற்கு மேல் அவள் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை. ஆனால் "எல்லாப் பிள்ளையளிட்டயும் இருக்கு அப்பா, என்னட்ட மட்டும் இல்லை" என்று லவினியா அழுதபோது, ஊர்வலத்துக்கு முந்திய வாரம் கடைக்குப் போய் வாங்கிவிட்டான். கூடவே பொட்டுவெடியும்.

ஊர்வலம் நெருங்கியது. மேளக் குழு முன்னால் போனது. உழவு இயந்திரம் இழுத்து வந்த உயரமான வண்டியிலிருந்து இனிப்புகளை அள்ளி வீசினார்கள். பேர்பெச்சுவா பையை விரித்துக்கொண்டு தெருவின் விளிம்புக்குப் போனாள். டக்ளஸ் குனிந்து மகளின் கையில் துப்பாக்கியை வைத்தான்.

"வானத்தைப் பார்த்து ஒருக்கா மட்டும். அம்மாவுக்குக் கிட்டப் போகாதையும்."

அவள் கேட்கவில்லை. கௌபாய் நடை நடந்து நேரே தாயின் முதுகுப்பக்கம் போனாள். டக்ளஸ் எட்டிப் பிடிக்குமுன் வெடித்தது. மறுபடியும் வெடித்தது.

பேர்பெச்சுவா கத்தவில்லை. திரும்பிய வேகத்தில் மகளை இழுத்துத் தனக்கு அடியில் போட்டுக்கொண்டு தார்த் தெருவில் குப்புற விழுந்தாள். இனிப்புகள் சிதறின. வேடிக்கை என்று நினைத்து ஒரு கோமாளி கைதட்டினான். வண்டி வந்துகொண்டிருந்தது.

டக்ளஸ் ஓடிப்போய் முழங்காலில் இருந்தான். "பேர்பெச்சுவா, எழும்பும். இது விளையாட்டுச் சாமான்."

அவள் அவன் கோட்டுக் கழுத்தைப் பிடித்துக் கீழே இழுத்தாள். "தலையைத் தூக்காதேங்கோ. அவங்கள் போகட்டும்."

உருண்டு வந்த வண்டிச் சில்லு அவன் தோள் உயரத்துக்கு இருந்தது. தூக்கிவிட முயன்றான், ஏலவில்லை. அவள் தெருவோடு ஒட்டிக் கிடந்தாள். அடியில் லவினியா மூச்சுக்குத் திணறினாள். வேறு வழி தெரியாமல், இருவர் மேலும் கையைப் போட்டுக்கொண்டு டக்ளஸும் படுத்துவிட்டான். வண்டியோடு நடந்து வந்த காவலர் ஒருவர் விசில் ஊதினார். இன்னொருவர் சாரதியைப் பார்த்துக் கையை ஆட்டினார். சில்லு இரண்டு முழத் தூரத்தில் நின்றது.

வீட்டுக்கு வரும் வழியில் துப்பாக்கியைத் தெருக் குப்பைத் தொட்டிக்குள் போட்டான். பேர்பெச்சுவா குசினியில் அடுப்பின் அருகே கதிரையில் உட்கார்ந்து, உரசுப்பட்ட முழங்கையைக் கழுவாமலே பேசினாள்.

"அண்ணையோட பூசை முடிஞ்சு வந்துகொண்டிருந்தன். பின்னால சத்தம் கேட்டது. பட்டாசெண்டுதான் நினைச்சன். திரும்பிப் பார்த்துச் சிரிச்சனான்."

டக்ளஸ் துணியை நனைத்து அவள் முழங்கையைத் துடைத்தான்.

துடைத்து முடித்ததும் அவள் சொன்னாள். "அந்தப் படத்தைப் போடுங்கோ. நீங்கள் இவ்வளவு காலம் சுமந்து திரியிறது என்னெண்டு பாப்பம்."

வேண்டாம் என்றான். போடச் சொன்னாள். போட்டான். மூவரும் பார்த்தார்கள். கௌபாய் பாடினான், பந்து குதித்தது, ஒருவரும் சேர்ந்து பாடவில்லை. நடுவில் கௌபாய் சுட்டான். தடித்த காவல்காரன் மல்லாந்து விழுந்தான். டக்ளஸின் கண் திரையில் இல்லை, மனைவியின் கையில் இருந்தது. அது கதிரைப் பிடியை இறுக்கியது. காவல்காரன் எழும்பித் தூசு தட்டி, பாட்டின் அடுத்த வரியைப் பிடித்தான்.

"எழும்பீட்டான்" என்றாள்.

"கார்ட்டூன்தானே."

"ஓம்." கதிரைப் பிடியை விட்டாள். "பாட்டு நல்லாத்தான் இருக்கு. அந்த இடம் வரேக்க மட்டும் நான் குசினிக்குப் போறன். நீங்கள் பாருங்கோ."

அப்படித்தான் நடந்தது. கசெற் தேய்ந்து படம் கோடு கோடாகும் வரைக்கும், அந்த இடத்தில் அவள் எழும்பிப் போவாள், காவல்காரன் பாடத் தொடங்கியதும் தேத்தண்ணியோடு வருவாள். கார்னிவலுக்கும் அவர்கள் போகாமல் விடவில்லை. ஆண்டுதோறும் டக்ளஸ் நேரத்தோடு போய், முதுகுக்குப் பின்னால் சுவர் உள்ள இடமாகப் பார்த்துப் பிடித்து வைப்பான்.