ஓரத்து மணி

ரத்தினம்மாவைப் பற்றி எழுதுவதென்றால், முதலில் என் முட்டாள்தனத்தை எழுத வேண்டும். எழுபத்து நாலாம் வருடம். நான் கண்டியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்து வாத்தியார். ரத்தினம்மா மாநகரசபையில் தெருக் கூட்டுபவள், குடியிருந்தது மஹய்யாவை என்ற நகரத் தொழிலாளர் குடியிருப்பில். அவளுடைய ஒரே மகள் பாலாம்பிகை இரண்டாம் வகுப்பிலிருந்தே என்னிடம் படித்தாள்.

கரும்பலகையைப் பார் என்றால், அந்தப் பிள்ளை தலையை இடது தோளில் சாய்த்துக்கொள்வாள். பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுகிறாள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். தினமும் தாடையைப் பிடித்து முகத்தை நேராக்குவேன். நேராக்கினால் ஓர் எழுத்தும் வாசிக்க மாட்டாள். பிடிவாதம் என்று அதற்கும் ஒரு குட்டு. இரண்டு வருடம் இந்தக் கூத்து நடந்தது. கடைசியில் தாயைக் கூப்பிட்டு, "இவளுக்குப் படிப்பு ஏறாது. வீட்டோட வச்சுக்க" என்றேன்.

"நான் புடிச்ச வெளக்குமாத்த எம்புள்ள புடிக்கக் கூடாது சார்" என்றாள் ரத்தினம்மா. பிள்ளை வீட்டிலும் தலையைச் சாய்த்தே பார்ப்பதால், கோளாறு கண்ணில்தான் என்று அவளுக்குப் பட்டிருக்கிறது. அன்றே மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக நேர்ந்துகொண்டாள். மறுநாள் அரைநாள் லீவு போட்டு, மகளைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். "கண்ணுக்குள்ள இருக்கிற வில்லை ஒரு பக்கம் விலகியிருக்கு, கருமணி மற்றப் பக்கம். பிறப்பிலேயே வந்தது. நீங்கள் சொந்தத்துக்குள்ளயோ கலியாணம் முடிச்சனீங்கள்?"

"ஆமாங்க. தாய்மாமனத்தான் கட்டினேன்."

"ரெண்டு பேரிட்டையும் வெளிய தெரியாமல் இருந்தது பிள்ளையில வெளிப்பட்டிருக்கு. பிழை ஒருத்தரிலயும் இல்லை. கண்ணாடி எழுதித் தாறன். ஆனால் தலையைச் சரிச்சால்தான் இவவுக்கு எழுத்துத் தெரியும். அதை மறிக்காதேங்கோ."

கண்ணாடி வந்த அன்று காலை, வேலைக்குப் போகிற வழியில் ரத்தினம்மா மகளோடு வகுப்பு வாசலில் வந்து நின்றாள். விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னாள். "இனிமே எம்புள்ள தலையத் தொடாதீங்க சார்" என்றாள். பாலாம்பிகை தலையைச் சாய்த்து, பலகையில் இருந்ததை முழுவதும் வாசித்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் கையில் சோக்கட்டியோடு நின்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நேர்த்திக்கடனை நிறைவேற்ற என்னையும் கோயிலுக்கு அழைத்திருந்தாள். பூசாரி கண்மலரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா, கண்ணு மணி ஓரத்துல இருக்கு? பழுதானதக் குடுத்து ஏமாத்திட்டாங்களா?"

"இல்லீங்க சாமி. கடையில எல்லாம் நடுவுலதான் இருந்துச்சு. கட்டுகஸ்தோட்டையில வெள்ளி வேல செய்யிற பளீல் நானாகிட்ட சொல்லி, இப்படிச் செஞ்சு வாங்கினேன்."

"ஏன்?"

"எம்புள்ள கண்ணு இப்படித்தானே இருக்கு. நடுவுல வச்சா, ஆத்தா வேற யாரோட புள்ளையோன்னு நெனச்சுக்குமே."

இரண்டு வருடம் அந்த முகத்தை நான் கையில் பிடித்திருந்தேன். கண்ணில் மணி எங்கே இருக்கிறது என்று ஒரு நாளும் பார்க்கவில்லை.